கடல்நீர்ச் சல்பேட்டும் கடல் முள்ளெலிக் கருவின் சர்க்கரைகளும்

கடல் முள்ளெலியின் கரு, தன்னைச் சூழ்ந்த கடல்நீரிலிருந்து சல்பேட் அயனியை எடுத்து, அதைச் சர்க்கரைச் சங்கிலிகளில் பொருத்தி, செல்களுக்கு வெளியே படலமாகவும் இழையாகவும் பரப்புகிறது. செல்களின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் இடைவெளிகளிலும் இப்படிப் பரவியிருக்கும் பொருள்களின் தொகுதியே செல்புற மேட்ரிக்ஸ். சல்பேட் இல்லாத நீரில் வளர்த்தாலும் கருவின் செல்கள் பிளவுபடுவது நிற்பதில்லை. உள்ளே குழியுள்ள கருக்கோளமும் உருவாகிவிடுகிறது. கோளாறு அதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. குழிக்குள் இறங்கிய செல்கள் நகராமல் குவிந்து கிடக்கின்றன. முதற்குடல் ஒழுங்காக உள்வளைவதில்லை. வாய்ப்பக்கம், எதிர்ப்பக்கம் என்ற வேறுபாடு மங்குகிறது. சுண்ணாம்புச் சட்டகம் உருக்குலைகிறது.

இது நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த உண்மை. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. சல்பேட் ஏறிய சர்க்கரைகள் செல்கள் ஊன்றி நகர்வதற்கான பிடிமானமா? நீரை உறிஞ்சிப் பருத்துக் கருவின் சுவரை வளைக்கும் விசையா? எந்தச் செல் எங்கே நிற்க வேண்டும் என்று உணர்த்தும் குறிப்பா? இந்த மூன்று விளக்கங்களுக்கும் உள்ள சான்றுகளை இக்கட்டுரை எடைபோடுகிறது. அதற்கு முன் கடல்நீரின் சேர்மானத்தைப் பார்த்தாக வேண்டும். அதைப் பார்ப்பதற்கு மரக்காணம் உப்பளக் கரையைவிடத் தெளிவான இடம் தமிழகத்தின் வடகரையில் இல்லை.

1. உப்பளத்தில் பிரியும் கடல்நீர்

விழுப்புரம் மாவட்டத்தில், பக்கிங்காம் கால்வாயையும் கழுவெளியையும் ஒட்டி மரக்காணத்தின் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. ஒரு கிலோ கடல்நீரில் பொதுவாக ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். மழைக்காலத்தில் ஆற்று நீர் கலந்து வங்கக் கரையில் இந்த மொத்த அளவு குறையும். ஆனால் கூறுகளுக்கிடையிலான விகிதம் திறந்த கடலில் அநேகமாக மாறுவதில்லை. ‘சேலஞ்சர்’ கப்பல் உலகக் கடல்களிலிருந்து திரட்டிவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்து, 1884இல் வில்லியம் டிட்மார் உறுதிசெய்தது இதைத்தான்.

பாத்தியில் அந்த விகிதம் உடைகிறது. வெயிலில் நீர் ஆவியாகி ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியை எட்டும்போது கால்சியம் கார்பனேட் படியத் தொடங்குகிறது. நான்கு மடங்கை நெருங்கும்போது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட், பிரிகிறது. போமே அளவியில் 25 பாகைக்குச் சற்று மேலே, பத்து மடங்கைத் தாண்டிய அடர்த்தியில்தான் சோற்றுக்கு ஆகும் உப்பு விளைகிறது. உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் பொட்டாசியமும் புரோமைடும் செறிந்திருக்கும்.

இந்த வரிசையிலிருந்து எளிதாக எழக்கூடிய ஒரு தவறான முடிவை இங்கேயே களைந்துவிட வேண்டும். ஜிப்சம் படிந்துவிட்டதால் பாத்தி நீரில் சல்பேட் தீர்ந்துவிட்டது என்று தோன்றலாம். எடையை விட்டுவிட்டு மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் கணக்கிட்டால் நிலைமை வேறு. ஒரு கிலோ கடல்நீரில் சல்பேட் 28 மில்லிமோல். கால்சியம் 10 மில்லிமோல் மட்டுமே. ஜிப்சத்தில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சேர்வதால், கால்சியம் முழுவதும் இறங்கினாலும் சல்பேட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறங்க முடியும். கால்சியத்தில் ஒரு பகுதி முன்பே கார்பனேட்டாகப் போய்விட்டது என்பதையும் சேர்த்தால் அந்தப் பங்கு இன்னும் சற்றுக் குறையும். ஆக, பாத்தி நீர் பெரும்பாலும் இழப்பது கால்சியத்தை; சல்பேட்டின் பெரும்பகுதி கடைசிவரை நீரிலேயே தங்கிவிடுகிறது. சல்பேட் நீங்கிய கடல்நீர் இயற்கையான ஆவியாதலால் கிடைக்காது. ஆய்வகத்தில் உப்புகளைத் தனித்தனியே நிறுத்துச் சேர்த்துத்தான் அதை உருவாக்க முடியும்.

2. ஹெர்ப்ஸ்ட்டின் கழித்தல் முறை

அப்படிச் செயற்கைக் கடல்நீரைத் தயாரித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கூறை மட்டும் விட்டுவிட்டு, அதில் கடல் முள்ளெலிக் கருக்களை வளர்த்துப் பார்த்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் கர்ட் ஹெர்ப்ஸ்ட். கடல் முள்ளெலியின் இளவுயிரி வளர இன்றியமையாத கனிமப் பொருள்கள் எவை என்ற கேள்விக்கு விடையாக அவர் எழுதிய நீண்ட ஆய்வு வரிசை 1897 முதல் 1904 வரை வெளிவந்தது. கால்சியம் இல்லாத நீரில் கருவின் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடுகின்றன என்பதை 1900இல் அவர் காட்டினார். கருவின் வெளிப்பரப்பைப் போர்த்தியிருக்கும் ஹயலின் படலம் கால்சியத்தால்தான் கட்டுண்டு நிற்கிறது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. சல்பேட் இல்லாத நீரில் நேர்வது இப்படிப்பட்ட உடனடிச் சிதைவு அல்ல. வளர்ச்சி ஒரு கட்டம்வரை சென்று தவறுகிறது.

ஹெர்ப்ஸ்ட்டின் முறைக்குள்ள வலிமையும் குறையும் ஒன்றே. ஒரு கூறு தேவையா என்பதை அது ஐயமற நிறுவும். அந்தக் கூறு கருவுக்குள் எங்கே போய் என்ன செய்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. சல்பேட் புரதங்களிலும் கொழுப்புகளிலும்கூடச் சேரும். ஆகவே சல்பேட்டை நீக்கியதால் விளைந்த ஒவ்வொரு கோளாறையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட முடியாது. பின்வந்த ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை மனத்தில் இருக்க வேண்டும்.

3. சல்பேட் ஏறும் வழி

கடல்நீரில் உள்ள சல்பேட் நேரடியாகச் சர்க்கரையில் ஒட்டுவதில்லை. செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் அதை உள்ளே கொண்டுவருகின்றன. உள்ளே ஏடிபி சல்ஃபியூரிலேஸ் என்னும் நொதி அதை ஏடிபியுடன் வினைபுரியச் செய்து அடினோசின் பாஸ்போசல்பேட் ஆக்குகிறது. இன்னொரு பாஸ்பேட்டும் சேர்ந்தபின் கிடைப்பது ‘பாப்ஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் செயலூட்டப்பட்ட சல்பேட். கோல்கை உறுப்பில் உள்ள சல்ஃபோட்ரான்ஸ்ஃபெரேஸ் நொதிகள் இந்தப் பாப்ஸிலிருந்து சல்பேட்டைக் கழற்றி, வளர்ந்துகொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் குறிப்பிட்ட இடங்களில் ஏற்றுகின்றன.

அந்தச் சங்கிலிகளில் முதன்மையானவை கிளைக்கோசமினோகிளைக்கான்கள். ஒரு புரதத்தின் செரீன் அலகில் முதலில் சைலோஸ், அதன்மேல் இரண்டு காலக்டோஸ், அதன்மேல் குளுகுரோனிக் அமிலம் என நான்கு சர்க்கரைகள் கொண்ட அடித்தண்டு அமைகிறது. அதற்குமேல் இரட்டை அலகுகள் திரும்பத் திரும்ப அடுக்கப்படுகின்றன. காண்ட்ராய்ட்டின் சல்பேட்டில் அந்த இரட்டையின் ஓர் அலகு அசிட்டைல் காலக்டோசமின். ஹெப்பாரன் சல்பேட்டில் அசிட்டைல் குளுக்கோசமின். புரதமும் சங்கிலிகளும் சேர்ந்த முழு மூலக்கூறு புரோட்டியோகிளைக்கான் எனப்படும். சல்பேட் தொகுதிகளின் எதிர்மின்னேற்றம் சோடியம் போன்ற நேரயனிகளை அருகில் பிடித்து வைக்கிறது. அயனிகள் செறியும் இடத்துக்கு நீர் வருகிறது. இந்தச் சர்க்கரைகள் தம் எடையைவிடப் பன்மடங்கு நீரைத் தாங்கிக் கூழாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

இந்த வழியை இடையில் மறிக்க ஆய்வாளர்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. குளோரேட் அயனி ஏடிபி சல்ஃபியூரிலேஸைத் தடுக்கிறது. அதன் விளைவு சல்பேட் நீக்கத்தைப் போன்றது. ஆகவே அதே குறையும் அதற்கு உண்டு. சைலோசைடு வேறுவகை. சைலோஸைத் தாங்கிய அந்தச் சிறு மூலக்கூறின்மீது செல் தவறுதலாகச் சங்கிலியைக் கட்டிவிடுகிறது. புரதத்தின்மீது கட்டப்படுவது குறைகிறது. சைலோஸில் தொடங்கும் சங்கிலிகளை மட்டும் அது தொடுவதால், சைலோசைடு தரும் சான்றுக்கு எடை கூடுதல்.

4. முட்டையின் கூழ்: சர்க்கரைக் குறிப்புக்கு முழுமையான சான்று

கருவைப் பற்றிய வாதத்துக்குள் போகுமுன், சல்பேட் ஏறிய சர்க்கரை ஒரு குறிப்பாகச் செயல்பட முடியும் என்பது ஐயமற நிறுவப்பட்ட இடத்தைக் காண வேண்டும். அது கருவுறுதலுக்கு முந்திய நிலை. முட்டையைச் சுற்றியுள்ள கூழில் விந்தணுக்களைத் திரளச் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது என்று ஃபிராங்க் லில்லி 1910களில் எழுதினார். அதற்கு ஃபெர்டிலைசின் என்று பெயரிட்டார். அந்தக் கூழின் முக்கியமான உட்கூறு சல்பேட் ஏறிய ஃபியூக்கோஸ் சங்கிலி. விந்தணுவின் தலையில் உள்ள அக்ரோசோம் பை வெடித்துத் திறக்கும் வினையை, தூய்மைப்படுத்தப்பட்ட அந்தச் சங்கிலியே தூண்டுகிறது என்பதை விக்டர் வாக்கியரும் கேரி மோயும் 1997இல் காட்டினார்கள்.

அதே காலத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் பவுலோ மொரோவின் குழு இச்சங்கிலிகளின் வேதியமைப்பை இனம்தோறும் பிரித்துப் படித்தது. லைடெக்கினஸ் வேரிகேட்டஸ் இனத்தில் அது ஃபியூக்கோஸ் சங்கிலி. எக்கினோமெட்ரா லூகண்டர் இனத்தில் காலக்டோஸ் சங்கிலி. அலகுகள் எந்தக் கார்பனில் இணைகின்றன, சல்பேட் இரண்டாம் கார்பனில் உள்ளதா நான்காம் கார்பனில் உள்ளதா, எத்தனை அலகுக்கு ஒருமுறை அந்த அமைப்பு திரும்புகிறது என்பனவெல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. விந்தணு தன் இனத்தின் அமைப்புக்கே நன்கு வினைபுரிகிறது. ஒரே கடலில் பல இனங்கள் ஒரே பருவத்தில் முட்டையும் விந்தும் சொரியும்போது இந்த வேறுபாடு கலப்பைத் தடுக்கும் தடைகளுள் ஒன்றாகிறது.

சர்க்கரையில் செய்தி இருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை முட்தோலிகளின் ஆய்வில் இல்லை. பொருள் தூய்மைப்படுத்தப்பட்டது, அமைப்பு அறியப்பட்டது, விளைவு தனியே அளக்கப்பட்டது. கருவின் மேட்ரிக்ஸைப் பற்றிய ஆய்வுகள் இந்த மூன்று படிகளையும் ஒருசேர எட்டியதில்லை. அவற்றை மதிப்பிட இதுவே அளவுகோல்.

கருவுற்ற உடனே கூழின் வேலை முடிந்துவிடுகிறது. முட்டையின் விளிம்பில் உள்ள ஆயிரக்கணக்கான புறணித் துகள்கள் வெடித்துத் தம் சரக்கை வெளியே கொட்டுகின்றன. அதிலுள்ள சர்க்கரைகள் நீரேறிப் பருத்து, மேலிருக்கும் உறையை முட்டையிலிருந்து தூக்கிக் கருவுறல் உறையாக்குகின்றன. அதே துகள்களிலிருந்து வெளிவரும் ஹயலின் புரதம் கருவின் மேற்படலமாகிறது. சர்க்கரையின் வீக்கம் ஓர் உறையை நகர்த்தும் விசையாக முடியும் என்பதற்கு இது முன்னுதாரணம்.

5. நகராத செல்கள்

கருக்கோளத்தின் அடித்தளத்திலிருந்து முதனிலை மீசென்கைம் செல்கள் பிரிந்து உட்குழிக்குள் இறங்குகின்றன. பிறகு சுவரைப் பற்றி நகர்ந்து வளையமாக அமைந்து, சுண்ணாம்பு முட்களைச் சுரக்கின்றன. ஜெரால்ட் கார்ப்பும் மைக்கேல் சோலர்ஷும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், சல்பேட் இல்லாத நீரில் இச்செல்கள் உள்ளே இறங்கினாலும் இடம்பெயர்வதில்லை என்பது காட்டப்பட்டது. செல் பிறப்பது வேறு, நகர்வது வேறு. சல்பேட் பின்னதற்கே வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

அடுத்த கேள்வி, குறை சுவரின் மேட்ரிக்ஸில் உள்ளதா, செல்லின் சொந்தப் பரப்பில் உள்ளதா என்பது. மேரி கான்ஸ்டன்ஸ் லேனும் சோலர்ஷும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, சல்பேட் நீக்கமும் சைலோசைடும் பாதிக்கும் பொருள் செல்பரப்பைச் சார்ந்தது என்று சுட்டியது. 1991இல் அதே இருவர் அதைக் காண்ட்ராய்ட்டின் சல்பேட், டெர்மட்டன் சல்பேட் வகைப் புரோட்டியோகிளைக்கான் என அடையாளம் கண்டனர். இரு வேறு கருவிகள் ஒரே விளைவைத் தந்ததால், சல்பேட் நீக்கம் பொதுவாக நஞ்சூட்டியிருக்கலாம் என்ற மறுப்பு பெரிதும் வலுவிழக்கிறது. 2000இல் சார்ல்ஸ் எட்டன்சோனின் குழு, நகரும் செல்கள் பற்றிக்கொள்ளும் இழைகளில் ஈசிஎம்3 என்ற புரதம் இருப்பதைக் காட்டியது. முதுகெலும்பிகளின் என்ஜி2 புரோட்டியோகிளைக்கானை ஒத்த பகுதி அதில் உண்டு.

மூன்று விளக்கங்களில் பிடிமானம் என்ற விளக்கத்துக்கே உறுதியான சான்று இருக்கிறது. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். சர்க்கரையைச் செல் கடந்துபோகும் தரையாக மட்டும் கொண்டால் 1988ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு விளங்காது. நகரும் செல் தன் பரப்பில் தானே சுமந்துசெல்லும் பூச்சாகவும் அதைக் கொள்ள வேண்டும்.

6. வளையும் சுவர்

முதற்குடலின் தொடக்கமான உள்வளைவு எந்த விசையால் நேர்கிறது என்பது பழைய புதிர். 1993இல் லேன், மிமி கோல், ஃபிரெட் வில்ட், ரே கெல்லர் ஆகியோர் ஒரு துணிவான விளக்கத்தை முன்வைத்தனர். அடித்தளச் செல்கள் காண்ட்ராய்ட்டின் சல்பேட் புரோட்டியோகிளைக்கானை ஹயலின் படலத்தின் உள்ளடுக்கில் சுரக்கின்றன. அது நீரேறிப் பருக்கிறது. மேலடுக்கு விரியாததால் இரட்டைத் தகடு உள்நோக்கி வளைகிறது. கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் ஐயனோஃபோர் மருந்தால் சுரப்பை முன்கூட்டியே தூண்டியபோது வளைவும் முன்கூட்டியே நேர்ந்தது.

இந்த விளக்கத்தின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது. எளிமையே சான்றாகிவிடாது. கால்சியம் செல்லுக்குள் சுரப்பை மட்டும் தூண்டுவதில்லை. செல்லைச் சுருங்கவும் வைக்கும். 1995இல் லான்ஸ் டேவிட்சனும் சக ஆய்வாளர்களும் ஐந்து விளக்கங்களைக் கணினி மாதிரிகளில் சோதித்தனர். ஐந்துமே உள்வளைவை உண்டாக்க வல்லவை என்று அச்சோதனை காட்டியது. சுவரின் பண்பு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதே வேறுபாடு. சர்க்கரை வீக்க விளக்கத்துக்கு விறைப்பான வெளிமேட்ரிக்ஸும் எளிதில் உருமாறும் செல்களும் வேண்டும். செல்களின் மேல்முனை சுருங்குகிறது என்ற விளக்கத்துக்கு இளகிய மேட்ரிக்ஸ் வேண்டும். 1998இல் எலிசபெத் கிம்பர்லியும் ஜெஃப் ஹார்டினும், மேல்முனை சுருங்கிய குப்பிவடிவச் செல்களை லேசர் கதிரால் அழித்தபோது உள்வளைவு தடைபட்டதைக் கண்டனர். சர்க்கரை வீக்கம் மட்டுமே விசை என்ற வாதத்தை இதற்குப் பிறகு ஏற்க இயலாது. செல்சுருக்கத்தோடு சேர்ந்து துணைவிசையாக அது இயங்கக்கூடும் என்ற அளவில் அதை நிறுத்துவதே நியாயம்.

7. இடம் உணர்த்தும் சர்க்கரை

கருவில் சர்க்கரை குறிப்பாகவும் செயல்படுகிறதா என்ற கேள்வி 2007க்குப் பின் புதிய வடிவம் பெற்றது. அவ்வாண்டு லூயிஸ் துலோகனும் சக ஆய்வாளர்களும், மத்தியதரைக் கடலின் பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ் இனத்தில், கருச்சுவரின் இரு குறிப்பிட்ட இடங்கள் விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து மீசென்கைம் செல்களை வழிநடத்துகின்றன என்று காட்டினர். இவ்வகைக் காரணிகள் பல, பிற விலங்குகளில், ஹெப்பாரன் சல்பேட்டைப் பற்றிக்கொண்டே செயல்படுகின்றன. ஆகவே சல்பேட் குறைந்தால் செல்லின் பிடி மட்டுமா தளர்கிறது, அதற்கு வரும் செய்தியும் குலைகிறதா என்ற ஐயம் நியாயமானது.

கனடாவில் புரூஸ் பிராண்ட்ஹார்ஸ்ட்டின் குழு 2011இல் குளோரேட்டைக் கொண்டு, வாய்ப்பக்க-எதிர்ப்பக்க அச்சு சல்பேட் ஏறிய சர்க்கரைகளைச் சார்ந்திருப்பதைக் காட்டியது. 2016இல் பாஸ்டனில் சிந்தியா பிராதமின் குழு இன்னும் கூர்மையான சான்றைத் தந்தது. எஸ்எல்சி26 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சல்பேட் கடத்தியின் மரபணு வாய்ப்பக்கச் சுவரில் வெளிப்படுகிறது. அதை ஒடுக்கினால் அங்கே சல்பேட் ஏறிய புரோட்டியோகிளைக்கான்கள் சேர்வதில்லை, சட்டகத்தின் அப்பகுதி ஒழுங்கும் குலைகிறது. நீர் முழுவதிலுமிருந்து சல்பேட்டை நீக்கிய ஹெர்ப்ஸ்ட்டின் காலத்திலிருந்து, கருவின் ஒரு பக்கத்தில் மட்டும் சல்பேட் வாயிலை மூடும் நிலைக்கு ஆய்வு வந்திருக்கிறது. கடலில் எங்கும் ஒரே சீராகக் கிடைக்கும் அயனியைக் கரு தன் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் மிகுதியாக உள்வாங்கி, அந்த ஏற்றத்தாழ்வையே இடக்குறிப்பாக்குகிறது என்பது இதன் பொருள். இருந்தும், அங்கே சேரும் சங்கிலியின் துல்லியமான சல்பேட் வரிசை முட்டைக் கூழின் அளவுக்கு விளக்கப்பட்டதல்ல. குறிப்பு என்ற விளக்கம் வலுவானது. நிறைவுபெற்றது என்று சொல்லத் தகாது.

8. சோழமண்டலக் கரையின் சால்மாசிஸ்

மேற்கண்ட சான்றுகள் பெரும்பாலும் கலிபோர்னியா, மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் கரை இனங்களிலிருந்து வந்தவை. 2006இல் முழு மரபணுத்தொகை வெளியான ஸ்ட்ராஞ்சைலோசென்ட்ரோட்டஸ் பர்பியூரேட்டஸ் குளிர்நீர்க் கரையின் உயிரி. தமிழகக் கரைக்கும் இத்துறையில் ஒரு பழைய தொடக்கம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த ஆர். கோபால ஐயர், சால்மாசிஸ் பைகலர் இனத்தின் தொடக்கக் கருவளர்ச்சியையும் உருமாற்றத்தையும் விவரித்த கட்டுரையை 1935இல் இந்திய அறிவியல் அகாதெமியின் நடவடிக்கை ஏட்டில் வெளியிட்டார். 1938இல் இந்திய விலங்கியல் நினைவேடுகள் வரிசையில் சால்மாசிஸைப் பற்றிய தனிநூலையும் எழுதினார். வெப்பக் கடல் முள்ளெலி ஒன்றின் வளர்ச்சி முட்டையிலிருந்து இளம் உயிரிவரை இந்தக் கரையிலேயே பின்தொடரப்பட்டது என்பது பெருமைக்குரிய செய்தி. கரு எந்த மணியில் எந்தக் கட்டத்தை எட்டுகிறது என்று அறியாமல் எந்தச் சல்பேட் சோதனையையும் நடத்த முடியாது. அந்த அடிப்படையை அவர் அமைத்துக் கொடுத்தார்.

சால்மாசிஸ், லைடெக்கினஸ், ஸ்ட்ராஞ்சைலோசென்ட்ரோட்டஸ் மூன்றும் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. பாறைக் கரைகளில் வாழும் ஸ்டோமோப்நியூஸ்டெஸ் வேரியோலாரிஸ் அப்பிரிவிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளை. வாய்ப்பக்கச் சல்பேட் கடத்தி பெரும்பிரிவின் பொதுச்சொத்தா, அதற்கும் முந்தியதா என்பதைத் தீர்க்க இந்த இரு தமிழகக் கரை உயிரிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் போதும். சோதனை நீரை உப்பளத்து அடர்நீரிலிருந்து எடுக்கக் கூடாது. அதில் கால்சியக் குறைவும் உப்புச் செறிவும் சேர்ந்து கருவைக் குலைத்துவிடும். சல்பேட்டின் விளைவு தனியே தெரியாது. ஹெர்ப்ஸ்ட்டைப் போல நிறுத்துச் சேர்த்த நீர், சைலோசைடு, கடத்தி மரபணுவை ஒடுக்கும் முறை ஆகிய மூன்றையும் ஒரே தொகுதிக் கருக்களில் பயன்படுத்த வேண்டும். சென்னையிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் உயிரியல் துறைகள் 1935ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தப் பணியைத் தொடங்க வேண்டும்.